சுண்ணாம்பு திருப்பித் தந்த எடை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக் கிடங்கில் நான் எடை எழுதிய நாட்கள் இப்போது வெள்ளைப் புகையாகத்தான் நினைவுக்கு வருகின்றன. ஏரிக்கரையில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயின் புகை அது. பனியோடு அது கலந்துவிட்டால், படகுகள் தண்ணீரில் போகின்றனவா வானத்திலா என்று தெரியாது.

காளவாயை ஒரு விதவை நடத்தினாள். மதில் பூசுவதற்காகப் புதிய துரை அவளுக்கு நூறு மணங்கு கிளிஞ்சல் கொடுத்தார். ஐம்பத்தாறு மணங்கு சுண்ணாம்பு திரும்பி வந்தது. முந்தைய துரைகளுக்கு எடை பார்க்கும் பழக்கமில்லை, இவருக்கு உண்டு. மீதியைத் திருடிவிட்டாள், காளவாயை வேறொருவனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார்.

கோட்டை வைத்தியரின் புத்தகங்களை நான் படித்திருந்தேன். நூறு பங்கு கிளிஞ்சலில் நாற்பத்துநான்கு பங்கு அடைபட்ட காற்று. தீயில் அது போய்விடும். நூறு மணங்கு சுண்ணாம்பு வேண்டுமென்றால் ஏறக்குறைய நூற்றெழுபத்தொன்பது மணங்கு கிளிஞ்சல் சுட வேண்டும். இதைத் துரையிடம் சொன்னபோது, கிடங்கு விதிகளில் காற்று என்றொரு சரக்கே இல்லை என்றார். உண்மைதான். விதிகள் எனக்கு மனப்பாடம்.

அவளிடம் சொன்னேன்.

"இன்னா கணக்குப்பிள்ள, போன காத்த மூட்ட கட்டி எடுத்துனு வரணுமா?" என்றாள்.

"அதுவா வரும். காத்துபட வெச்சா சுண்ணாம்பே மெல்ல இழுத்துக்கும்."

"வரும் வரும். அதுக்குள்ள என் காளவாய்ல எவனோ ஒலை வெப்பான்."

வழக்குச் சரக்கில் ஒரு மாதிரியை முத்திரையிட்டு வைத்து, மழைக்காலம் கழிந்தபின் தீர்ப்புச் சொல்வது விதி. எதனால் மூடுவது என்று விதி சொல்லவில்லை. துரையின் அறையில், ஏரி பார்த்த ஜன்னலருகே, தராசின் ஒரு தட்டில் ஐம்பத்தாறு பலம் சுண்ணாம்பைப் பரப்பி மெல்லிய துணியால் மூடினேன். மறுதட்டில் சமமான எடைக்கற்கள். முத்திரையைத் துரையே வைத்தார்.

மழை வந்தது. ஈரக்காற்று அறைக்குள் வந்து போனது. சுண்ணாம்புத் தட்டு, யாரும் பார்க்காதபோது, தூக்கத்தில் தலை சாய்வதுபோலத் தாழ்ந்தது. துரை முத்திரையைத் தடவிப் பார்ப்பார். எதிர்த்தட்டில் ஒரு கல் கூட்டுவார். சில நாளில் மறுபடி தாழும். பூநாரைகள் வந்திறங்கியபோது கற்கள் நூறு பலத்தை நெருங்கியிருந்தன. துரை உடையாத முத்திரையைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, பொருள் திரும்பக் கிடைத்தது, திருடன் அகப்படவில்லை என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

"நல்ல திருடன்தான்," என்றாள் அவள். "தொர மூக்குக்கு நேராவே கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருக்கான்."

மறுநாள் அவள் காளவாயில் தீ மூட்டினாள். ஒவ்வொரு நூறு பங்கிலும் நாற்பத்துநான்கு, யாரையும் கேட்காமல், ஏரிமேல் போய்க்கொண்டிருந்தது.