கேட்காத நிழற்குடை

நான் கடலோர நகராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருந்தபோது, சிறுசேரியில் ஆபீஸ் பெருக்கித் துடைக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். எங்கள் வார்டு நிறுத்தத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு ஒரு நிழற்குடை வேண்டும் என்றார். அந்தச் சித்திரை வெயிலில் ஒருத்தி அங்கே மயங்கி விழுந்திருந்தாள். மன்றத்தில் கட்டாயம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வெயில், சாலை, பஸ் என்று எல்லாப் பிரச்சினைகளிலும் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய மன்றம் கூடியது. கடற்கரைச் சாலைக்கு அலங்கார விளக்கு போடுவதுதான் முதல் வேலை என்றார் தலைவர். "வேற யாருனா எதுனா சொல்லணுமா?" என்று என்னையும் பார்த்தார். அடுத்த தேர்தலில் எனக்கு சீட்டு கிடைப்பது அவர் கையில் இருந்தது. எழுதிக்கொண்டு போன தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மற்றவர்களோடு நானும் கையைத் தூக்கினேன்.

மறுநாள் காலை நிறுத்தத்தில் அந்தப் பெண் என்னை மறித்தார்.

"இன்னாண்ணா, நம்ம மேட்டரு இன்னா ஆச்சி?"

"கேட்டேன்மா. இந்த வருஷம் முடியாதுன்னுட்டாங்க."

"போனா போவுது வுடுண்ணா. எங்களுக்காக அத்தினி பேரு முன்னாடி பேசினியே, அது போதும்."

பக்கத்தில் நின்ற பெண்களிடமும் அதையே சொன்னார். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நிழற்குடை கேட்டேன். இருந்த நிதியை விளக்குகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றார்கள். அதன் பிறகு, பதவிக்காலம் முடியும்வரை காலை வேளையில் அந்த நிறுத்தத்தின் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டே போனேன்.