பிரசாதம் என்று எடுத்தேன்

நேப்பிள்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. போய் வந்தவர்கள் எல்லாரும் என்ன கலகலப்பு, என்ன ஜனம் என்கிறார்கள். எனக்கு இறங்கியவுடன் கோபம்தான் வந்தது. ஆள் நடக்கிற சந்துக்குள் ஒரு ஸ்கூட்டர் என் முழங்கையை உரசிவிட்டுப் போனது. ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் காயப்போட்ட துணி சொட்டியது. மீன்காரன் கத்தினான். மாடியிலிருந்து ஒருத்தி அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

இத்தனைக்கும் நான் சென்னை பாரிமுனையில் வளர்ந்தவன். ஆக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து, இதெல்லாம் ஒரு ஊரா, இருட்டினால் தெருவில் ஒரு மனுஷன் இல்லை என்று அங்கே நாங்கள் குடியிருக்கும் லின்ஃபீல்டைத் திட்டிக்கொண்டிருப்பவன். கடைசியில் கூட்டம் கிடைத்தபோது அதற்குள் எனக்கு நடக்கத் தெரியவில்லை. சாலை கடக்கிற கோட்டில் நின்று, கார்கள் நிற்கும் நிற்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. என் மனைவி நடுரோடு வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, ரோட்டத் தாண்டவும் விசா வாங்கணுமா?"

நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. மகளுக்கு அங்கே ஒரு வருடப் படிப்பு. தங்க அறை கிடைக்கவில்லை. அவள் பேசி வைத்திருந்த வீடெல்லாம் வேறு யாருக்கோ போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, மூன்றாவது மாடியில் ஒரு வயதான அம்மா வீட்டில். அதுவும் இல்லை என்றால் எங்களோடு ஆக்லாந்துக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அந்தப் படிப்புக்காக அவள் இரண்டு வருடம் இத்தாலியன் கற்றுக்கொண்டிருந்தாள்.

நான் பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் ஒரு பையில் கட்டிக்கொண்டு, திருட்டுப் பசங்க ஊரு, திருட்டுப் பசங்க ஊரு என்று முனகிக்கொண்டே வந்தேன். அந்த வீட்டு வாசலில் மகள் நின்றாள். அவள் எங்களிடம் ஆங்கிலம்தான் பேசுவாள். காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் தமிழ் வரும்.

"அப்பா, நீங்க கீழயே நில்லுங்க. ஒண்ணும் பேசாதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க."

"நான் என்னடி பண்ணப்போறேன்?"

அவள் மேலே போய்விட்டாள்.

வாசலுக்குப் பக்கத்தில் சுவரைக் குடைந்து ஒரு மாதா சிலை வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் சின்ன விளக்கு, பிளாஸ்டிக் பூ. நம் ஊர்த் தெருமுனைப் பிள்ளையார் மாதிரியே இருந்தது. அந்த ஊரில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான். அதன் காலடியில் ஒரு கூடை, கூடையில் வெள்ளைக் காகிதத்தின் மேல் உருண்டை உருண்டையாக ரொட்டி. மகளுக்கு நல்லபடியாக அறை அமைய வேண்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். ஒரு ரொட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிய்த்துப் பாதியை மனைவியிடம் கொடுத்தேன். அவளும் வாயில் போட்டுக்கொண்டாள்.

கூடை மேலே போனது.

கயிறு கட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. அங்கே மாடியில் இருப்பவர்கள் கூடையை இறக்குவார்கள், கடைக்காரன் சாமானை வைப்பான், இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அது தெரியாது. அண்ணாந்து பார்த்தால் மூன்றாவது மாடி பால்கனியில் இரண்டு தலைகள். ஒன்று அந்த அம்மா. இன்னொன்று என் மகள்.

அந்த அம்மா கத்த ஆரம்பித்தாள். திருடன் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் புரியும். எதிர்மாடி ஜன்னல்கள் திறந்தன. ரொட்டிக் கடைக்காரன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வெறுங்காலோடு, வாயில் ரொட்டியோடு நின்றேன். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"செருப்பப் போடுங்க முதல்ல," என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

மேலே மகள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ வேகமாகச் சொன்னாள். கத்தல் நின்றது. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னை வேறு மாதிரிப் பார்த்தாள். கூடை மறுபடி இறங்கியது. அதில் இன்னொரு ரொட்டியும் ஒரு பீச் பழமும் இருந்தன. எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று கைஜாடை காட்டினாள். எடுத்துக்கொண்டேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் கையில் சாவியோடு வந்தாள். அறை கிடைத்துவிட்டது. தெருமுனை தாண்டிய பிறகுதான் கேட்டேன்.

"அந்தம்மா கிட்ட என்ன சொன்ன?"

அவள் சாவியைப் பைக்குள் போட்டாள். பிறகு, "உங்களுக்கு ஞாபக மறதி வியாதின்னு சொன்னேன்," என்றாள்.

"பிரசாதம்னு நெனச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே? உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. சாமி முன்னாடி இருக்கிறத எடுத்துச் சாப்பிடுவோம்னு சொன்னா இன்னும் கேவலம்."

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லின்ஃபீல்டிலிருந்து வாராவாரம் கோயிலுக்குக் கூட்டிப்போன பெண். பொங்கலுக்கு என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கித் தின்ற பெண். அப்பனைப் பைத்தியம் என்று சொல்லுவது அவளுக்குப் பிரசாதம் என்று சொல்லுவதைவிட மேல். அறைய வேண்டும் போல இருந்தது. அறைக்கு முன்பணம் கொடுத்தேன்.

இப்போது ஆக்லாந்தில் ஞாயிறு காலை அவள் வீடியோவில் வருவாள். எல்லர்ஸ்லியில் என் ஆபீசில் ஊர் எப்படி என்று கேட்டவர்களிடம் பீட்ஸா நன்றாக இருந்தது என்று சொல்லிவைத்தேன். இந்தப் போனில் அப்படித் தப்பிக்க முடியாது. அவள் பின்னால் அந்த அம்மா வந்து நின்று, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல என்னிடம் மெதுவாக, உரக்கப் பேசுகிறாள். நல்ல மனுஷி. அதுதான் தாங்க முடியவில்லை.

போன வாரம் அந்த அம்மா தன் மார்பைத் தொட்டுக்காட்டி ஏதோ கேட்டாள். "உங்களுக்கு அவங்கள அடையாளம் தெரியுதான்னு கேக்கறாங்க," என்றாள் மகள். நான் வாயைத் திறந்தேன். மகள் கண்ணைக் காட்டினாள். அவளுக்கு அந்த அறை இன்னும் ஐந்து மாதம் வேண்டும்.

தெரியவில்லை என்று தலையாட்டினேன்.