தூணில் இன்னொரு கயிறு

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். பேய் பார்த்தேன் என்று பெருமையடிக்க நான் வரவில்லை. நடந்ததை வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழைய துறைமுகம். கடலைத் தூர்த்துத் தூர்த்தே வளர்ந்த ஊர். இன்று பஸ் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் கப்பல் நின்றது. எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர் வந்துவிடும். அதை இறைக்க மோட்டார் வாடகைக்கு விடுவதுதான் என் பிழைப்பு. அதற்கு முன் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டினேன்.

அன்று ஒரு பழைய கிடங்கின் நிலவறை. விடிந்தால் காங்கிரீட் லாரி வரும். அதற்குள் தரை காயாவிட்டால் காண்ட்ராக்டர் இனி என்னைக் கூப்பிடமாட்டார். கடையை மூட வேண்டியதுதான்.

சுவரை ஒட்டி ஒரு குட்டை இரும்புத் தூண். கப்பல் கட்டுகிற தூண். அந்தக் காலத்தில் கரை அதுவரைதான் போலிருக்கிறது. மோட்டாரைக் கயிற்றில் கட்டித் தண்ணீர் ஊறும் குழிக்குள் இறக்கி, கயிற்றின் மறுமுனை வளையத்தைத் தூணில் மாட்டினேன். மச்சினன் மேலே ஜெனரேட்டருக்குக் காவல்.

ராத்திரி 11.20. தொப்...

மோட்டார் குழிக்குள் கவிழ்ந்து கிடந்தது. வளையம் தூணில் இல்லை. திட்டிக்கொண்டே தூக்கி மாட்டினேன்.

11.50. மறுபடி தொப். தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிவிட்டது.

"டேய், என்னடா வெளையாட்டு?"

"நான் எறங்கவே இல்ல மாமா!" குரல் மேலிருந்துதான் வந்தது.

12.30. இந்த முறை சத்தமே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கயிற்றை யாரோ மாற்றி மாட்டியிருந்தார்கள்.

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூணில் ஏற்கெனவே ஒருவன் கட்டியிருந்தால், அதன் மேல் நம்முடையதைப் போட்டு அமுக்கக் கூடாது. அவன் வளையத்துக்குள் அடியிலிருந்து நம்முடையதை நுழைத்து எடுத்து மாட்ட வேண்டும். அப்போதுதான் அவன் நமக்கு முன்னால் கிளம்ப முடியும்.

என் கயிறு அப்படித்தான் இருந்தது. நடுவில் இன்னொரு வளையம் கிடப்பதுபோல, இடைவெளி விட்டு, வளைந்து...

அங்கே வேறு வளையம் இல்லை.

பயந்தேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். "ஏன்டா என் பொழப்புல மண்ணப் போடறீங்க?" என்று வெற்றிடத்தைப் பார்த்துக் கத்தினேன். கயிற்றைப் பிடுங்கித் தூணின் மேல் அமுக்கிப் போட்டு, கட்டுக்கம்பியால் சுற்றிச் சுற்றி முறுக்கினேன்.

யாரோ இழுத்ததுபோல் கம்பி விறைத்தது.

சுவருக்கு அந்தப் பக்கம்... டொக். கல்லில் மரம் மோதுகிற சத்தம்.

பிறகு காலடிகள். பலகை மேல்... பல பேர்.

ஓடினார்கள்.

டொக்... டொக்...

நின்றுவிட்டது.

விடியும்போது தரை காய்ந்திருந்தது. கம்பியைப் பிரிக்க முடியவில்லை. கயிற்றை அறுத்து மோட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டேன். தூண் அப்படியே காங்கிரீட்டுக்குள் போயிற்று. காண்ட்ராக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

நான்கு மாதம் கழித்துப் பக்கத்து மனையைத் தோண்டினார்கள். எங்கள் சுவரை ஒட்டி, மண்ணுக்குள் ஒரு படகு. பழைய புயல் ஒன்றில் ஒரே ராத்திரியில் மணல் மூடியிருக்கும் என்றார் தோண்ட வந்த இன்ஜினியர். ஆறு பேரின் எலும்புகள். ஆறு பேரும் படகின் முனையில், ஒருவர் மேல் ஒருவராக. எல்லார் கையும் எங்கள் தூணை நோக்கிப் போகிற ஒரே சங்கிலியில்.

அவர்கள் கட்டின் மேல் எவனோ தன் கயிற்றைப் போட்டு அமுக்கியிருக்கிறான். அவிழ்க்க முடியவில்லை.

எலும்புகளைக் கொண்டுபோய்ப் புதைத்தாகிவிட்டது. ஆனால் கடல் ஏறும் இரவுகளில் நிலவறையில் ஓடுகிற சத்தம் நிற்கவில்லை என்று கிடங்குக் காவலாளி சொல்கிறார். அந்த ஒரு மூலையை மட்டும் உடைக்க விடுங்கள், கம்பியை வெட்டிவிட்டு நானே பூசித் தருகிறேன் என்று காண்ட்ராக்டரிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

சிரிக்கிறார்.

"அத்தன வருஷமா கெடந்தவங்க, இனிமே எங்கய்யா கெளம்பப் போறாங்க?"