ஐந்தாவது ஆட்டத்தின் தேதி

எனக்கும் என் அண்ணனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அதனால் வா, போ என்றுதான் பேச்சு. எனக்கு ஐம்பது தாண்டிய பிறகும் அவன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டான், பாசார் சந்தையில் நாலு பேர் முன்னாலும்கூட. அண்ணி இறந்த மறுவருடம் பினாங்குத் தீவில் கெலுகோரில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கே குடிவந்துவிட்டான். கல்யாணம் என்ற வம்பே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் நான். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டு: மூக்குக்கு மேல் நிற்கும் கோபம், பேஸ்பால்.

பினாங்கில் இரண்டு தமிழர்களுக்கு எப்படிப் பேஸ்பால் பைத்தியம் பிடித்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அண்ணன் பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் மெஷின் பழுது பார்த்தவன். அங்கே ஒவ்வோர் அக்டோபரிலும் கேண்டீன் சுவரில் ஒரு தாளை ஒட்டுவார்கள். அமெரிக்காவில் இறுதிச் சுற்றுகள் தொடங்கும் நேரம் அது. எந்த அணி எந்த அணியை வெல்லும், எத்தனை ஆட்டத்தில் வெல்லும் என்று தொடங்குவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். முதலில் மேலதிகாரிகளுக்கு நல்ல பிள்ளையாக இருக்கத்தான் அவன் எழுதினான். பிறகு உண்மையாகவே பித்துப் பிடித்துவிட்டது. வேலையை விட்ட பிறகு எழுத ஆள் வேண்டுமே, என்னை இழுத்துவிட்டான்.

எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். ஆளுக்கொரு தாள். எழுதி முடித்ததும் என் தாளில் அவன் கையெழுத்து, அவன் தாளில் என் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்றக்கூடாது. தோற்றவர் அடுத்த அக்டோபர் வரை ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவ வேண்டும். அண்ணன் பந்து எறிபவர்களின் கணக்கெல்லாம் பார்த்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி எழுதுவான். நான் எந்த அணியில் திமிர் பிடித்தவன் இல்லையோ அந்த அணியை எழுதுவேன். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். எரிச்சலில் அவன் மீன் செதிளைச் சமையலறை முழுக்கத் தெறிக்கவிடுவான்.

அவன் தோற்றதற்குக் காரணம் அவனுடைய ஓர் அணி. பெயர் வேண்டாம், நாங்கள் வைத்த பெயர் அழுகுணி. வருடா வருடம் இறுதிச் சுற்றுக்கு வரும், முதல் சுற்றிலேயே அழுதுகொண்டு வெளியே போகும். அண்ணனோ வருடா வருடம் அந்த அணிதான் ஜெயிக்கும், ஐந்து ஆட்டத்தில் ஜெயிக்கும் என்று எழுதுவான். அந்தச் சுற்றில் யார் முதலில் மூன்று ஆட்டம் வெல்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த சுற்று. ஐந்தாவது ஆட்டம் என்பது இரண்டுக்கு இரண்டு என்று நின்றால்தான் உண்டு. அழுகுணி ஒருநாளும் ஐந்தாவது ஆட்டம் வரைக்கும் போனதில்லை. “இன்னொரு தடவை அந்தக் கூட்டத்த எழுதுன, மீன் கழுவுறதோட பாத்திரமும் தேய்க்கணும்” என்று மிரட்டுவேன். “எழுதுவேன், போடி” என்பான்.

வீட்டில் எங்களுக்கு அந்தச் சேனல் கிடையாது. பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய், கால்பந்துக்காக மாட்டிய பெரிய தொலைக்காட்சியில் எங்களுக்குப் போட்டுவிடுவார். அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். அங்கே ராத்திரி எட்டு என்றால் இங்கே மறுநாள் காலை எட்டு. மணி மாறாது, நாள்தான் மாறும். ஓர் அமெரிக்கப் பத்திரிகையின் பக்கத்தைப் போனில் பார்த்து, எல்லா ஆட்டத்துக்கும் ஒரு நாள் கூட்டி, சமையலறைக் காலண்டரில் எழுதுவது என் பொறுப்பு. அண்ணனுக்கு அந்தக் கூட்டல் எப்போதும் குழம்பும். நான் எழுதியதுதான் அவனுக்கு வேதம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆகஸ்டு வாக்கில் அண்ணனுக்குக் குரல் கம்மத் தொடங்கியது. இருமல் மருந்து, மிளகு ரசம், எதற்கும் மசியவில்லை. சோற்றை விழுங்கும்போது முகத்தைச் சுளித்தான். பிடிவாதமாகக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்கு வா என்று தேதி வந்தது.

அந்த வருடம் அழுகுணி வழக்கம்போல முதல் ஆட்டத்தில் தோற்றது. இரண்டாவது ஜெயித்தது. மூன்றாவது தோற்றது. நாலாவது, திங்கட்கிழமை காலை. பாய் கடையில் நாங்கள் இருவரும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்கைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தோம். ஜெயித்துவிட்டார்கள்! அண்ணன் எழுந்து நின்று கத்தினான், பாதிக் குரல்தான் வந்தது. அதைக் கேட்டு நான் கை தட்டுவதை நிறுத்திவிட்டேன். அவனுக்கோ அது தெரியவே இல்லை. “பாப்பா, அஞ்சாவது ஆட்டம்! நான் எழுதுனேன்ல? நான் எழுதுனேன்ல?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

ஐந்தாவது ஆட்டத்தின் நேரம் முன்கூட்டியே தெரியாது. அன்று மதியம்தான் போனில் தேடினேன். என் பழைய போன் முந்தின வாரம் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போய், புதுசு வாங்கியிருந்தேன். அதில் விளையாட்டுச் செய்திக்கென்று ஒரு பக்கம் தானாகவே திறந்தது. புதன், எட்டு மணி என்று இருந்தது. கை பழக்கத்தில் ஒரு நாளைக் கூட்டியது. காலண்டரில் வியாழன் கட்டத்தில் எழுதினேன். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தது.

அண்ணன் வந்து பார்த்தான். ஆட்டம், ஆஸ்பத்திரி இரண்டின்மேலும் விரலை ஓட்டினான். பிறகு, “ஒரு வாரம் தள்ளிப் போடலாம்லா. தொண்டை எங்க ஓடிடப் போவுது?” என்றான்.

“உனக்கு மூளை இருக்கா?” என்று கத்தினேன். இல்லையென்று சொல்லமாட்டேன், கத்தத்தான் செய்தேன். ஆனால் எத்தனை நேரம்? அவன் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. “இத்தன வருசத்துல இது ஒன்னுதான் பாப்பா நான் எழுதுன மாதிரி நடந்திருக்கு” என்றான். எனக்கும் அதைப் பார்க்க ஆசை. நானேதான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அண்ணனுக்குக் காய்ச்சல், வர முடியாது என்று மலாயில் பொய் சொன்னேன். ஒரு வாரம் கிடைக்கும் என்று நினைத்தோம். போனை எடுத்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு டிசம்பரில் ஒரு தேதி கொடுத்தாள். அதற்கு முன்னால் இடமே இல்லை என்றாள். ஏழு வாரம். சரி என்று எழுதிக்கொண்டேன்.

வியாழன் காலை ஏழரைக்கே பாய் கடைக்குப் போனோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். தொலைக்காட்சியில் யாரோ கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். “பாய், எங்க சேனல போடுங்க” என்றேன்.

பாய் எங்களை வினோதமாகப் பார்த்தார். “நேத்துக் காலையிலயே ஓடுச்சேம்மா. ஒங்களுக்காக மேசை பிடிச்சு வச்சேன். வரலயேன்னு பார்த்தேன். சரி, அண்ணன் ஆஸ்பத்திரின்னு சொன்னாரே, அங்கதான் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

போனை எடுத்து அந்த நேரத்தை மறுபடி பார்த்தேன். அந்தப் போன் நம் ஊர் நேரத்தைத்தான் காட்டியிருக்கிறது. கூட்ட வேண்டியதே இல்லை. புதன்கிழமை காலை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். இரண்டும் மோதவே இல்லை. மோதவைத்தவள் நான். புதன் காலை எட்டு மணிக்கு நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். இந்த ஊரில் பேஸ்பால் முடிவை வாய் தவறிக்கூட யாரும் சொல்லிவிடமாட்டார்கள், எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்க வேண்டும். என் வாயோ, “கடைசி நேரத்துல ஒரு நாள் முன்னுக்கு மாத்திட்டானுங்க போல. மழை வரும்னு இருக்கும்” என்றது. எத்தனை சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவன் நம்பினான். என் காலண்டரை நம்பாமல் அவன் வேறு எதை நம்புவான்?

“யாரு பாய் ஜெயிச்சது?” என்று கேட்டான்.

“நீங்க அழுகுணின்னு சொல்வீங்களே, அவங்கதான்.”

பாய்க்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அண்ணன் விடவில்லை. யார் அடித்தான், எந்தப் பக்கம் போனது, எத்தனை பேர் ஓடினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டான். பாய் கரண்டியை மட்டையாகப் பிடித்து, கல்லாவுக்கும் ரொட்டிக் கல்லுக்கும் நடுவில் நின்று ஒருவன் அடித்ததை நடித்துக் காட்டினார். அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பினால் வந்த கண்ணீர் மட்டும்தானா அது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மணி எட்டேகால்கூட ஆகவில்லை. “அண்ணே, இப்பவே ஒரு டாக்சி எடுத்துப் போயிடலாமா? கெஞ்சிப் பார்க்கலாம்” என்றேன். “வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்கலா. போயி அசிங்கப்படணுமா?” என்றான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ரொட்டி சானாய்க்குச் சொன்னேன்.

அடுத்த சுற்றில் அழுகுணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியே போனது. டிசம்பரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டையில் புற்றுநோய். எங்களை உட்காரவைத்துப் பேசிய டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், மகள் வயதுதான் இருக்கும். “அக்டோபர்லயே தேதி குடுத்திருக்காங்களே அங்கிள், ஏன் வரல?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஒரு முக்கியமான வேலை இருந்துச்சு டாக்டர்” என்றான் அண்ணன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

அண்ணன் ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது நான் மட்டும் திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். ஏழு வாரத்துக்கு முன்பு வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா? டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “இருந்திருக்கும்னும் சொல்ல முடியாது ஆன்ட்டி, இருந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதைவிட, ஆமாம், நீதான் காரணம் என்று என் முகத்தில் அறைந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று வருடக்கணக்கில் எழுதிப் பழகியவள் நான். அந்த ஏழு வாரத்தையும் மனத்துக்குள் அப்படித்தான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். ஒரு தடவை பிழைத்துக்கொள்கிறான், ஒரு தடவை இல்லை.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். குரல் போய், காற்று மட்டும் வந்தது. உடம்பு பாதியானது. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி வார்டுக்குக் கிளம்பிப் போவேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், “சாப்டியா?” என்று நான் கேட்பேன், “நீ சாப்டியா?” என்று அவன் கேட்பான். நேரம் முடிந்துவிடும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் அவன் கையை ஆட்டி என்னைக் குனியச் சொன்னான். காதை அவன் வாயருகில் வைத்தேன். ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்.

“பாப்பா, என் தப்புதான். எனக்கு ஆட்டம் பெருசாப் போச்சு. உன்னத் தனியா விட்டுட்டுப் போறேன். கோவிச்சுக்காத.”

நான் நிமிரவில்லை. இல்லை அண்ணே, தேதியைத் தப்பாக எழுதியது நான், போன் போட்டது நான், பொய் சொன்னது நான் என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. சொன்னால் கோபத்தோடு போய்விடுவானோ என்று பயந்தேன். அவனுக்காகப் பயந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எனக்காகத்தான் பயந்தேன். அவன் விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பதில் வேண்டுமாம்.

“சரிண்ணே. நான் மன்னிச்சிட்டேன்” என்றேன்.

அவன் முகம் தெளிந்துபோனது. என் கையைப் பிடித்து, “தேங்க்ஸ், பாப்பா” என்று உதட்டை மட்டும் அசைத்தான்.