பின்கொசுவம் கட்டிய நதியா

திருப்பூரில் விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் நான் கேமராமேன். நதியா அங்கே ஸ்டைலிஸ்ட். மாடல் என்ன உடுத்த வேண்டும், எங்கே நிற்க வேண்டும், பின்னால் என்ன தெரிய வேண்டும், எல்லாம் அவள் முடிவுதான்.

அவள் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம். அம்மா வெள்ளையம்மாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்தபோது நதியா இடுப்புக் குழந்தை. வளர்ந்ததெல்லாம் இங்கே லைன் வீட்டில். எங்களிடம் கொங்குத் தமிழ் பேசுவாள், அம்மாவிடம் போனில் தேனித் தமிழ். எந்த ஊர் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

காங்கேயம் கிட்டுசாமி பெரிய தோட்டக்காரர், பனியன் ஏற்றுமதியும் செய்கிறவர். அவர் மகன் தமிழ்செல்வன் புதிதாக ரெடிமேட் ரவிக்கை தயாரிக்கத் தொடங்கினான். "படத்தப் பாத்ததும் இது கொங்குநாட்டு ஊடுன்னு தெரியோணுங்க" என்று எங்களிடம் வந்தான்.

நதியா அந்த வேலையிலேயே கிடந்தாள். தோட்டம் தோட்டமாகப் போனாள். கொசுவத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டும் பழைய சேலைக்கட்டை வெள்ளகோவிலில் வீடியோ எடுத்து வந்து, ஸ்டுடியோக் கண்ணாடி முன்னால் கட்டிக் கட்டிப் பழகினாள். தமிழ்செல்வனும் கூடவே அலைந்தான். அந்த அலைச்சலில் இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது.

படம் எடுக்கிற அன்று பெங்களூர் மாடலுக்குக் காய்ச்சல். "நீயே நில்லு" என்றான் தமிழ்செல்வன். அரக்குச் சேலையில் பின்கொசுவம் வைத்து, அவர்கள் தோட்டத்துப் பசுவின் கழுத்தில் கை போட்டு நின்றாள். எத்தனையோ பேரைப் படம் எடுத்திருக்கிறேன். சொந்த வீட்டில் நிற்கிற மாதிரி ஒருத்தி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஆபீசில் மாட்டினார்கள். கிட்டுசாமி பார்த்துக்கொண்டே நின்றார். "ஆரு இந்தப் புள்ள? நம்மூட்டுப் புள்ளையாட்டவே இருக்குது."

"நான்தானுங்கய்யா" என்றாள் நதியா.

அவர் சிரித்து, அவளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நம்மூட்டுப் புள்ள என்று அவர் சொன்ன அந்த வார்த்தையை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதை நம்பிவிட்டாள்.

ஒருநாள் தமிழ்செல்வன் வீட்டில் விஷயத்தைச் சொன்னான். கிட்டுசாமி, பெண் என்ன ஆட்கள் என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் ஆபீசில் படம் இல்லை. நதியாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"உம்மேல தப்பில்ல கண்ணு. வேசம் நல்லாப் பொருந்துச்சு. அதுக்காவ ஊட்டுக்குள்ள கூட்டியார முடியுமா?"

நதியா தமிழ்செல்வனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடமே அவனுக்கு ஊத்துக்குளியில் பெண் எடுத்தார்கள். ரவிக்கை விளம்பரத்தில் இனி மருமகள் அனுப்பிரியாவே நிற்கட்டும் என்று முடிவாகி, வேலை மறுபடி எங்களிடமே வந்தது. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று நதியாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வேற ஆளுக்கு அந்தக் கட்டு வராது. அலங்கோலமாக் கட்டிருவாங்க" என்றாள்.

அனுப்பிரியாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. நல்ல பெண். நதியா முட்டிபோட்டு உட்கார்ந்து, அவளுக்கு மடிப்பு மடிப்பாக எடுத்துக் கட்டினாள்.

"எங்கூட்ல இப்ப ஆருக்கும் இப்பிடிக் கட்டத் தெரியாதுங்க்கா. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஒரு படத்துக்காகக் கத்துக்கிட்டது."

பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, கேமராவின் திரையைப் பார்த்தாள். அனுப்பிரியா கூச்சத்தில் குறுகி நின்றாள். நதியா குரல் கொடுத்தாள்: "தலையத் தூக்கு கண்ணு. இது உன்ற ஊடு. அப்பிடி நில்லு."

படம் நன்றாக வந்தது.

பொழுது சாய நதியாவை பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வெள்ளையம்மாள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். நதியா அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன் கல்யாணத்துக்கு என்னம்மா சேல கட்டிருந்த?"

"அது யாரு கண்டா? பக்கத்து வீட்டுச் சேல. மறுநாளே தொவச்சுக் குடுத்தாச்சு."

"என்ன கலரு?"

"பச்சன்னு நெனைக்கிறேன். எதுக்கு ஆத்தா கேக்குற?"

நதியா உடைந்து அழுதாள். அந்த அம்மாவுக்குக் காதல் விஷயம் எதுவும் தெரியாது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மகள் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஸ்டுடியோவுக்கு வரவில்லை. இப்போது ஒரு குழந்தை உடுப்புக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, ஸ்டுடியோவுக்குத் திரும்ப வரக்கூடாதா என்று கேட்டேன்.

"இன்னொருத்தரு மாதிரி இருக்கறது எனக்கு ரொம்ப நல்லா வருது" என்றாள். "அதான் பயமா இருக்கு."

பல்லடம் பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து ஏறி உள்ளே போய்விட்டாள்.