தாளத்துக்கு முன்னால் ஒரு ‘நாலு’

ஹம்பேர்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், வெளிவரப் போகும் பாட்டுகளைக் கடைசியாகச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. ஒரு திங்கட்கிழமை ஹிப்-ஹொப் தயாரிப்பாளர் ஒருவர் வந்தார். வெள்ளிக்கிழமை பாட்டு வெளிவர வேண்டுமாம்.

“ட்ரம்ஸுக்கு முன்னாலை ஏதோ சத்தம் கிடக்கு. அதை எடுத்துவிடுங்கோ.” அவர் ஜெர்மனில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

ஐந்து நிமிட வேலை. ஹெட்ஃபோனை மாட்டி, வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். தூக்கிவாரிப் போட்டது. யாரோ ஒருவர் “மூண்டு, நாலு” என்று எண்ணிவிட்டு அடிக்கத் தொடங்குகிறார். ட்ரம்ஸ்காரர்கள் எண்ணித்தான் தொடங்குவார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் அவசரத்தில் எண்ணுவது தாய்மொழியில்தான். மூன்றை ‘மூண்டு’ என்று எண்ணுகிறவர் எங்கள் ஊர்க்காரர்தான் என்று எனக்கா தெரியாது!

“இந்த ட்ரம்ஸ் அடி எங்கையிருந்து எடுத்தது?” என்று கேட்டேன்.

“சந்தையிலை வாங்கின பழைய ஃபங்க் ரெக்கோட். ட்ரம்ஸ் அடிச்சவரின்ரை பேர் அட்டையிலையே இல்லை. ஆர் கேக்கப் போகினம்?”

“நான் கேக்கிறன்.”

அந்தக் குரலைத் துடைத்தால், வெளிவரும் பாட்டில் அடித்தவரைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தடயமும் போய்விடும். ஏலாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் செஃப், அதாவது கூடத்தின் முதலாளி, என்னைக் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமைக்குள்ளை முடியேல்லையெண்டால் நீயும் வீட்டை போகலாம்” என்றார். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஹம்பேர்க்கின் பழைய தமிழர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். மூன்றாம் நாள், பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் மரக்கறி அடுக்கும் யோகன் அண்ணையிடம் போய்ச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் ட்ரம்ஸ் அடித்தவராம். பாட்டைப் போட்டேன். கத்தரிக்காய்ப் பெட்டியில் அவர் விரல்கள் தாளம் போட்டன.

“ஓம், இது நான்தான். ஒரு மத்தியானம் போய் அடிச்சனான். அட்டைப் படத்துக்கு என்னைக் கூப்பிடேல்லை. சொன்னால் ஆர் நம்புவினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை.”

“என்ன கேப்பம் அண்ணை?”

“முதல்லை என்னட்டை அனுமதி கேக்கட்டும். பேரைப் போடட்டும். காசிலை என்ரை பங்கைப் பற்றிப் பிறகு கதைப்பம்.”

வியாழக்கிழமை அவரைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தயாரிப்பாளருக்கு முன்னால் இரண்டு பென்சில்களை எடுத்து, எண்ணி, மேசையில் அதே அடியை அடித்தார். தயாரிப்பாளர் முகம் சிவந்துபோனது.

“உங்களைத் தேடியிருக்க வேணும். மன்னியுங்கோ” என்றார்.

ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகப் பாட்டு இரண்டு வாரம் தள்ளிப்போனது. யோகன் அண்ணைக்குப் பெயரும் கிடைத்தது, பங்கும் கிடைத்தது. எண்ணிய குரலை என்ன செய்வது என்று நான் கேட்டபோது, “அதுவும் என்ரைதானே, கிடக்கட்டும்” என்றார். தயாரிப்பாளரே தள்ளிப்போடச் சம்மதித்ததால் என் வேலை போகவில்லை. செஃப் மட்டும் ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாட்டோடு வரும் படிவத்தில் ‘வாசித்தவர்’ என்ற இடம் காலியாக இருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். செஃப் கத்துவார். கத்தட்டும்.