ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

"நான் ஒண்ணும் செய்யல தம்பி, ஓகேதான் குடுத்தேன்." நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை திறந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆயுத பூஜை கழிந்த மறுநாள் அதையே சொல்லிக்கொண்டு வந்தார், கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாச்சி. கையில் சந்தனமும் குங்குமமும் வைத்த கம்ப்யூட்டர்.

பூஜைக்காக மனிதர் அதை அக்கக்காகக் கழற்றித் துடைத்திருக்கிறார். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக்கூட விடவில்லை. அதை எடுத்தால் மதர்போர்டுக்குத் தன் செட்டிங் எல்லாம் மறந்துபோகும். வீடியோக்கள் இருந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில். அவற்றை ஒரே டிஸ்க்காகச் சேர்த்துக் காட்டியது மதர்போர்டில் இருக்கும் ரெய்டு என்கிற ஏற்பாடு. மதர்போர்டு அதை மறந்ததும், இரண்டு புது டிஸ்க் வந்திருக்கிறது, தயார் செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது கம்ப்யூட்டர். இவர் ஓகே கொடுத்தார். எது எங்கே தொடங்குகிறது என்று குறித்து வைத்த பார்ட்டிஷன் டேபிள் போய், அந்த இடத்தில் வெறும் டேபிள் வந்துவிட்டது. ரெய்டின் குறிப்பும் அதோடு போனது.

"வேற காப்பி இருக்கா அண்ணாச்சி?"

"அதான் ரெண்டு டிஸ்க் இருக்குல்லா? ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த ரெய்டைப் போட்டுக் கொடுத்தவன் நான். வேகத்துக்காக எல்லாவற்றையும் துண்டு போட்டு, இரண்டு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும் வகை. ஒன்று போனால் எல்லாம் போச்சு. அதை அன்றைக்கே அவரிடம் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். பின்னால் நாலு பேர் காத்து நிற்கும்போது யார் விளக்கிக்கொண்டிருப்பது என்ற சோம்பல்தான், வேறென்ன.

உள்ளே ஒரு கல்யாணம் இருந்தது, இன்னும் எடிட் செய்யாதது. பெண்ணின் அப்பா கல்ஃபிலிருந்து லீவில் வந்து கல்யாணத்தை நடத்திவிட்டுப் போனவர், போன இடத்திலேயே இறந்துவிட்டார். "அந்தப் பிள்ளை தெனமும் போன் பண்ணுது தம்பி. நான் என்னன்னு சொல்லட்டு?"

இரண்டு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வைத்தேன். எது முதல் டிஸ்க், ஒரு துண்டு எவ்வளவு பெரியது என்று ஊகித்துத்தான் சேர்க்கவேண்டும். தப்பாகச் சேர்த்தால் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி வரை தெரியும். கீழே எல்லாம் சாம்பல் நிறம். மூன்றாம் நாள் மத்தியானம் முகம் முழுதாக வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. முதுகு விட்டுப்போயிருந்தது.

பெண் நேரே கடைக்கே வந்துவிட்டாள். அப்பாவைத் தேடித் தேடி ஓட்டினோம். எல்லாவற்றிலும் மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு பாயச வாளியோடு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா கூடத் திரும்பல்லியே," என்றாள்.

ஓரிடத்தில் கேமரா கிட்டே போனது. திரும்பினார். வேர்த்து வழியும் முகம், நல்ல சிரிப்பு. கரண்டி பிடித்த கையாலேயே கேமராவை விலக்கினார்.

"என்னைய எதுக்கு மக்கா எடுக்க? பிள்ளைய எடு."

கேமரா உடனே அவரை விட்டுவிட்டு, இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் பக்கம் போய்விட்டது.